பத்திரம் யார் பெயரில்?

2023-இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மோதிய மான்செஸ்டர் சிட்டியும் இன்டர் மிலானும் வாடகைக்குக் குடியிருந்த கிளப்புகள். சிட்டியின் மைதானம் மான்செஸ்டர் மாநகராட்சிக்குச் சொந்தம். இன்டர் ஆடிய சான் சிரோ அப்போது மிலான் மாநகராட்சியின் சொத்து. அடுத்த ஆண்டு வெம்பிளியில் மோதிய ரியல் மாட்ரிட்டுக்கும் டோர்ட்முண்டுக்கும் சொந்த மைதானம் உண்டு. 2025-இல் மறுபடி இரண்டு குடித்தனக்காரர்கள்: பாரிஸ் மாநகராட்சியின் பார்க் தே பிரின்ஸில் ஆடும் பிஎஸ்ஜியும், அதே இன்டரும். ஐரோப்பாவின் உச்சத்துக்குப் போக மைதானப் பத்திரம் கையில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்பது இதில் தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பிஎஸ்ஜிக்குப் பின்னால் கத்தார் பணமும் சிட்டிக்குப் பின்னால் அபுதாபி பணமும் இருக்கின்றன; அவர்களுடைய வாடகைச் சீட்டைப் படித்து ஒரு சாதாரணக் கிளப் பாடம் கற்க முடியாது.

ஆனாலும் கேள்வி உயிரோடுதான் இருக்கிறது. மைதானத்தைச் சொந்தமாக வைத்திருப்பது ஒரு கிளப்புக்கு நல்லதா, அல்லது குத்தகைக்கு எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை ஆட்டக்காரர்கள் மீது போடுவது நல்லதா? பொருளாதாரம் தெரிந்தவர்கள் சட்டென்று சொல்லும் பதில் ஒன்று உண்டு. முன்னணிக் கிளப்புக்குக்கூட ஆண்டுக்கு இருபத்தைந்து, முப்பது நாள்தான் வீட்டு மைதானத்தில் ஆட்டம். மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தில் கோடிக்கணக்கான பணத்தை முடக்குவது புத்திசாலித்தனமா என்று அவர்கள் கேட்பார்கள். ரசிகரின் பதில் வேறு: சொந்த மண் இல்லாத கிளப் நாடோடி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் மூன்று சங்கதிகள்தான் முடிவைத் தீர்மானித்திருக்கின்றன என்பது என் வாசிப்பு. கிளப் தரம் இறங்கும்போது மைதானச் செலவும் கூடவே இறங்குகிறதா? மைதானத்தில் விளையும் துணை வருமானம் யாருக்குப் போகிறது? சொந்தம் என்று சொல்லும்போது, அது கிளப்புக்குச் சொந்தமா, கிளப்பின் முதலாளிக்குச் சொந்தமா?

கட்டுவதன் விலையை அறிய ஆர்சனலைப் பார்க்க வேண்டும். 38,000 பேர் அமரும் ஹைபரியை விட்டு, 60,000 பேர் அமரும் எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்கு அவர்கள் 2006-இல் போனார்கள். செலவு 39 கோடி பவுண்டு. அந்தக் கடனைக் கட்டுவதற்காகப் பெயர் உரிமையையும் சட்டை விளம்பரத்தையும் முன்கூட்டியே நீண்டகாலத்துக்கு விற்றிருந்தார்கள். அப்போது பெரிய தொகையாகத் தெரிந்தது, சந்தை ஏற ஏறச் சிறுத்துப்போனது. 2005-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற ஆர்சனல் அடுத்த பெரிய கோப்பையைத் தூக்க 2014 வரை காத்திருந்தது. இடையில் ஆன்றி, ஃபாப்ரேகாஸ், வான் பெர்சி என்று ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அடெபயோர், நஸ்ரி, கிளிஷி மூவரும் போய்ச் சேர்ந்த இடம், மைதானம் கட்டும் கவலையே இல்லாத மான்செஸ்டர் சிட்டி. மேலாளர் ஆர்சென் வெங்கர் அந்த ஆண்டுகளில் அணியை ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீக்குக்குக் கொண்டுபோனது, கோப்பை வென்றதைவிடக் கடினமான வேலை என்று நினைக்கிறேன். வட்டி கட்ட அந்த வருமானம் தேவைப்பட்டது.

ஆர்சனல் தாங்கியது. லண்டனில் இருக்கும் கிளப், டிக்கெட்டுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்க ஆள் இருந்தது. டார்லிங்டனுக்கு அந்த வசதி இல்லை. வடகிழக்கு இங்கிலாந்தின் அந்தச் சிறிய ஊர்க் கிளப் நான்காம் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் முதலாளி ஜார்ஜ் ரேனால்ட்ஸ் 25,000 இருக்கைகளோடு ஒரு ஸ்டேடியம் கட்டி, அதற்குத் தன் பெயரையும் வைத்து, 2003 ஆகஸ்டில் திறந்தார். வந்த கூட்டம் சில ஆயிரம்தான். அதே டிசம்பரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஜெர்மனியின் ஆகன் நகர அலெமானியா கிளப்பும் ஏறக்குறைய இதே வழியில் விழுந்தது. 2009-இல் 33,000 பேர் கொள்ளும் புதிய டிவோலியைக் கட்டினார்கள். 2012-இல் மூன்றாம் நிலைக்கு இறங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் திவால். ஸ்டேடியத்தை ஒரு யூரோவுக்கு நகராட்சி வாங்கிக்கொண்டது. காலியான கேலரிக்கும் கூரை ஒழுகும், மின் கட்டணம் வரும், வங்கித் தவணையும் வரும். வாடகைக்குப் போவதே மேல் என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களும் போதும்.

வாடகைக்குப் போனவர்களில் யாருக்கும் வாய்க்காத ஒப்பந்தம் வெஸ்ட் ஹாமுக்கு வாய்த்தது. லண்டன் 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஸ்டேடியத்தை அதன் பிறகு என்ன செய்வது என்று யாரும் சரியாக யோசித்திருக்கவில்லை. டோட்டன்ஹாம் கேட்டது, லேட்டன் ஓரியன்ட் வழக்குப் போட்டது, டெண்டர் ஒருமுறை ரத்தானது. கடைசியில் 2013-இல் வெஸ்ட் ஹாமுக்கு 99 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. மாற்றி அமைக்கும் செலவில் கிளப்பின் பங்கு 1.5 கோடி பவுண்டு. ஆண்டு வாடகை சுமார் 25 லட்சம் பவுண்டு. விலைவாசியோடு ஏறும், தரம் இறங்கினால் பாதியாகும். அந்தக் காலத்தில் பிரீமியர் லீக்கின் நடுத்தர ஆட்டக்காரர் ஒருவருக்கே ஆண்டுச் சம்பளம் அந்த அளவுக்கு வரும். மாற்றி அமைக்கும் மொத்தச் செலவு 27.2 கோடி என்று சொல்லப்பட்டு 32.3 கோடியில் முடிந்தது. அதில் பெரும்பகுதி மக்கள் பணம். ஒப்பந்தத்தை வெளியிடக் கோரி தகவல் உரிமைப் போராட்டமே நடந்தது. 2016 ஏப்ரலில் அது வெளியானபோது, காவலாளி செலவு, மின்சாரம், ஆடுகளப் பராமரிப்பு, கோல் கம்பம், மூலைக்கொடி வரை எல்லாம் வீட்டுக்காரர் தலையில் என்று தெரிந்தது. 2017-இல் வெளிவந்த ஆய்வறிக்கைக்குப் பிறகு லண்டன் மேயர் சாதிக் கான் ஸ்டேடியத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். நட்டம் நிற்கவில்லை. பெயர் உரிமைக்கு ஆள் பிடிக்கவும் முடியவில்லை.

பணக் கணக்கில் இதைவிட லாபமான குத்தகை இருக்க முடியாது. 1904 முதல் ஆடிவந்த அப்டன் பார்க்கை அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு விற்றுக் காசாக்கிக்கொண்டு, 35,000 பேர் அமர்ந்த இடத்திலிருந்து 60,000 பேர் அமரும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அது தடகளத்துக்காகக் கட்டிய அரங்கம். ஆடுகளத்தைச் சுற்றி ஓடுதளம் இருக்கிறது. கோடையில் தடகளத்துக்காக முன்வரிசை இருக்கைகளை நகர்த்தவும், மறுபடி கொண்டுவந்து பொருத்தவும் பெரும் செலவு. 2017-இல் உலகத் தடகளப் போட்டி நடந்ததால் வெஸ்ட் ஹாம் சீசனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் வெளியூரில் ஆடியது. ஓடுதளத்தின் மேல் விரிக்கும் விரிப்பு பச்சை நிறத்தில் இருந்தது. தங்கள் சட்டையின் அடர்சிவப்பு நிறத்தில் விரிக்க வேண்டும் என்று கிளப் கேட்டது. அந்த விரிப்பின் நிறத்துக்கும், எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதற்கும் சேர்த்து வீட்டுக்காரரோடு வழக்கறிஞர்கள் வைத்துப் பேசி, 2018 நவம்பரில்தான் சமரசம் ஆனது. கோடிக்கணக்கில் சம்பளம் கொடுக்கும் கிளப்புக்குத் தன் வீட்டுத் தரையின் நிறத்தை மாற்ற இவ்வளவு நாள்.

அதே ஆண்டு மார்ச்சில் பர்ன்லியிடம் 0-3 என்று தோற்ற ஆட்டத்தில் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கினார்கள். ஒருவர் மூலைக்கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் நடுவட்டத்தில் நட்டார். எங்கள் இடம் என்று சொல்ல நட்ட கொடி; ஒப்பந்தப்படி அதுவும் வீட்டுக்காரர் காசில் வாங்கியது. 2023-இல் யூரோப்பா கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை வந்தபோது கோபம் தணிந்ததே தவிர, ஓடுதளத்துக்கு அப்பால் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் குறை தணியவில்லை. என்னைக் கேட்டால் வெஸ்ட் ஹாம் நிர்வாகம் கையெழுத்திட்டது சரிதான். வேறு எப்படியும் அவர்களால் அந்த அளவு இருக்கைகளைக் கட்டியிருக்க முடியாது. ஆனால் இந்தக் குத்தகை கிடைத்ததற்குக் காரணம் கிளப்பின் சாமர்த்தியம் மட்டுமல்ல. ஒலிம்பிக் முடிந்த ஸ்டேடியம் காலியாக நிற்பதைப் பார்க்க அரசுக்குக் கூச்சம். குடிவருகிறவர் கையில் எப்போதாவது இப்படி ஒரு துருப்புச் சீட்டு விழும்; எல்லாக் கிளப்புக்கும் விழாது.

மான்செஸ்டரில் அந்தச் சீட்டு சற்று முன்பே விழுந்தது. 2002 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய ஸ்டேடியம் அது. போட்டி முடிந்தபின் அங்கே சிட்டி குடிவரும் என்று முன்னரே பேசி முடித்திருந்ததால், ஓடுதளத்தை அகற்றி, தரையைத் தோண்டித் தாழ்த்தி, கீழே ஓர் அடுக்கு இருக்கையையும் சேர்த்துக் கட்டினார்கள். லண்டனில் செய்யத் தவறியது இதுதான். 2003-இல் சிட்டி 250 ஆண்டுக் குத்தகையில் குடியேறியது. பழைய மெயின் ரோடு மைதானத்தை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. வாடகை ஏற்பாடு விசித்திரமானது: மெயின் ரோட்டில் எத்தனை பேர் உட்கார முடிந்ததோ, அந்த அளவுக்கு மேல் விற்கும் டிக்கெட் வருமானத்தில் பாதி மாநகராட்சிக்கு. நம் ஊர் நிலவழக்கில் இது குத்தகையல்ல, வாரம். விளைச்சல் படுத்தால் நிலக்காரரும் சேர்ந்து நட்டப்படுவார். மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தே தீர வேண்டும் என்பது குத்தகை. அப்போது சிட்டி தட்டுத்தடுமாறி நின்ற கிளப். வாரம்தான் அதற்குப் பொருத்தம். 2008-இல் அபுதாபி முதலாளிகள் வந்தபின் நிலைமை தலைகீழானது. விளைச்சல் பெருகும் என்று தெரிந்தவர் வாரத்தை ஏன் நீட்டுவார்? ஒப்பந்தத்தை மாற்றி எழுதி ஒரு நிலையான ஆண்டுத் தொகைக்கு வந்தார்கள். கூடவே பெயர் உரிமையும் கிளப் கைக்கு வந்தது. 2011-இல் எதிஹாத் என்று பெயர் சூட்டப்பட்டது. 2015-இல் தெற்கு கேலரி உயர்ந்தது. பத்திரம் மாநகராட்சி பெயரில். அனுபவம் முழுக்கக் கிளப்பிடம். 250 ஆண்டு, பெயர் உரிமை, இடித்துக் கட்டும் உரிமை எல்லாம் சேர்ந்த குத்தகையைக் குத்தகை என்று அழைப்பதே சம்பிரதாயத்துக்குத்தான்.

இதற்கு நேர் எதிரான கதை கவென்ட்ரி. 1967 முதல் 2001 வரை தொடர்ந்து முதல்நிலையில் இருந்த கிளப் அது. கடனில் மூழ்கியபோது, 1899 முதல் ஆடிவந்த ஹைஃபீல்ட் ரோட்டை விற்றுவிட்டது. புதிய அரங்கத்தில் தனக்கு வர வேண்டியிருந்த பாதிப் பங்கையும் ஓர் அறக்கட்டளைக்கு விற்றது. 2005-இல் ரிக்கோ அரங்கம் திறந்தபோது அதை நடத்திய நிறுவனம் மாநகராட்சிக்கும் அந்த அறக்கட்டளைக்கும் சொந்தம். கிளப் வெறும் குடித்தனக்காரர். ஆண்டு வாடகை ஏறக்குறைய 13 லட்சம் பவுண்டு. ஆட்டநாளில் விற்கும் தின்பண்ட வருமானமும், வாகன நிறுத்தக் காசும் கிளப் கைக்கு வராது. பிரீமியர் லீக்குக்குத் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையில் பேசிய வாடகை அது. 2012-இல் மூன்றாம் நிலைக்கு விழுந்தபோதும் அதே வாடகைதான் கேட்கப்பட்டது. 2007-இல் கிளப்பை வாங்கியிருந்த சிசு என்ற முதலீட்டு நிறுவனம் வாடகை கொடுக்க மறுத்தது. மாநகராட்சி அரங்க நிறுவனத்துக்கு 1.44 கோடி பவுண்டு கடன் கொடுத்துத் தாங்கியது. அந்தக் கடன் செல்லாது என்று சிசு வழக்குப் போட்டு, 2014-இல் தோற்றது.

இடையில் நடந்தது கவென்ட்ரிக்காரர்களால் மறக்க முடியாதது. 2013-14 சீசன் முழுவதும் அவர்களுடைய கிளப் சுமார் 35 மைல் தள்ளி நார்தாம்ப்டனின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்தில் ‘வீட்டு ஆட்டம்’ ஆடியது. பெரும்பாலான ரசிகர்கள் உள்ளே போக மறுத்தார்கள். டிக்கெட் காசு முதலாளிக்குப் போகக் கூடாது, ஆனால் அணியையும் விட மனமில்லை. மைதானத்தை ஒட்டி ஒரு மேடு இருந்தது. ஆட்டம்தோறும் கொஞ்சம் பேர் அதன் மேல் நின்று, எட்டிய அளவுக்கு ஆட்டத்தைப் பார்த்தார்கள். அறுபதுகளில் கவென்ட்ரியைத் தூக்கி நிறுத்திய மேலாளர் ஜிம்மி ஹில்லின் நினைவாக அந்த மேட்டுக்கு ‘ஜிம்மிஸ் ஹில்’ என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயருக்கு எந்தத் துயரத்திலும் சிலேடை வரும்.

2014-இல் கிளப் ஊருக்குத் திரும்பிய சில வாரங்களில் அரங்கத்தை வாஸ்ப்ஸ் என்ற ரக்பி கிளப் வாங்கிவிட்டது. வீட்டுக்காரர் மாறியபின் மறுபடி தகராறு. 2019 முதல் 2021 வரை பர்மிங்ஹாமில் இரண்டாவது வனவாசம். 2022-இல் வாஸ்ப்ஸே திவாலானது. மைக் ஆஷ்லியின் நிறுவனம் அரங்கத்தை வாங்கியது. 2025 ஆகஸ்டில்தான் புதிய முதலாளி டக் கிங் அதை மீட்டார். இருபது ஆண்டு இழுபறிக்கு விதை எது என்று கேட்டால் பலரும் சிசுவைக் கை காட்டுவார்கள். சிசு மேல் குற்றம் உண்டுதான். ஆனால் தரம் இறங்கினால் இறங்காத வாடகையிலும், ஆட்டநாள் வருமானத்தில் பங்கில்லாத ஒப்பந்தத்திலும் அவர்கள் வருவதற்கு முன்பே கையெழுத்தாகியிருந்தது. வெஸ்ட் ஹாம் சீட்டில் இருந்த அந்த ஒரு வரி, ‘தரம் இறங்கினால் பாதி’, கவென்ட்ரி சீட்டிலும் இருந்திருந்தால் கதை வேறாகப் போயிருக்கும்.

இனி மூன்றாவது சங்கதி. சொந்த மைதானம் என்று நாம் மதிக்கும் பல இடங்களில் கிளப் பெயரில் ஒரு செங்கல்கூட இருப்பதில்லை. டெர்பி கவுன்டியின் முதலாளி மெல் மோரிஸ் 2018-இல் பிரைட் பார்க் ஸ்டேடியத்தைக் கிளப்பிடமிருந்து தன்னுடைய இன்னொரு நிறுவனத்துக்கு 8.1 கோடி பவுண்டுக்கு விற்றார். வலது பையிலிருந்து இடது பைக்குப் போன பணம்; ஆனால் கிளப் கணக்கில் லாபம் என்று விழுந்தது. செலவு வரம்பு விதிகளைத் தாண்ட அது உதவியது. 2021-இல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனபோது, வாங்க வந்தவர்கள் எல்லோரும் தடுக்கி விழுந்த கல் அந்த ஸ்டேடியம்தான். கிளப்பை வாங்கினால் மைதானம் வராது. உள்ளூர் கட்டட அதிபர் டேவிட் கிளவ்ஸ் முதலில் மைதானத்தை வாங்கி, பிறகுதான் கிளப்பை வாங்க முடிந்தது. ஷெஃபீல்ட் வென்ஸ்டேவும் ஹில்ஸ்பரோவை 2019-இல் இதே பாணியில் முதலாளியின் நிறுவனத்துக்கு விற்று, புள்ளிகளை இழந்தது. 2025 அக்டோபரில் கிளப்பும், மைதானத்தை வைத்திருந்த நிறுவனமும் ஒரே நாளில் திவால் நிர்வாகத்துக்குப் போயின.

லீட்ஸ் யுனைடெட்டின் கணக்கு இன்னும் எளிது. கடன்காரர்கள் கழுத்தைப் பிடித்த 2004-இல் எல்லண்ட் ரோட்டை 80 லட்சம் பவுண்டுக்கு விற்று, அதையே 25 ஆண்டுக் குத்தகைக்குத் திரும்ப எடுத்தது. ஆண்டுதோறும் வாடகை ஏறியது. 2017-இல் மீட்டபோது விலை 2 கோடி. நடுவில் கொடுத்த வாடகையைக் கூட்டிப் பார்த்தால் இது வீட்டை விற்று வட்டி கட்டிய கதை. ஆனாலும் 2004-இல் வேறு வழி இருந்ததா என்பது சந்தேகமே. டோர்ட்முண்டும் இப்படித்தான் தப்பியது. பங்குச் சந்தையில் இறங்கி அகலக்கால் வைத்த கிளப், வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியத்தின் பெரும்பங்கை ஒரு சொத்து நிதியத்துக்கு விற்று வாடகைக்கு இருந்தது. 2005 மார்ச் 14 அன்று டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் அந்த நிதியத்தின் முதலீட்டாளர்கள் கூடி, மீட்புத் திட்டத்துக்கு இசைந்தார்கள். மறுத்திருந்தால் கிளப் அன்றே முடிந்திருக்கும். வீட்டுக்காரர் யார் என்பதைவிட, வீட்டுக்காரர் இரக்கப்படுவாரா என்று ஒரு கிளப் காத்திருக்க நேர்வதுதான் ஆபத்து. அடுத்த ஆண்டே கடன் வாங்கி மைதானத்தை மீட்டார்கள்.

மைதானம் பறிபோனபின் மீளாதவர்களும், பாதி மீண்டவர்களும் உண்டு. பிரைட்டனின் நிர்வாகிகள் கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1995-இல் விற்றார்கள். 1997-இல் கடைசி ஆட்டம். அங்கே இப்போது கடை வளாகம். அதன்பின் இரண்டு ஆண்டு ஜில்லிங்ஹாம் என்ற வேற்றூரில், பன்னிரண்டு ஆண்டு விதீன் என்ற தடகள மைதானத்தில். 2011-இல் சொந்த ஸ்டேடியம் வந்தபின்தான் கிளப் நிமிர்ந்தது. விம்பிள்டன் 1991-இல் பிளவ் லேனை விட்டு இன்னொரு கிளப் வீட்டுத் திண்ணைக்குப் போய், கடைசியில் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கே இழுத்துச் செல்லப்பட்டது. ரசிகர்கள் 2002-இல் புதிய கிளப் தொடங்கி, 2020-இல் பிளவ் லேனுக்குத் திரும்பினார்கள்.

இந்த விபத்துகளையெல்லாம் பார்த்தபின் செல்சியின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது. எண்பதுகளில் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் நிலம் மனை வியாபாரிகள் கைக்குப் போய், கிளப்பை வெளியேற்றப் பார்த்தார்கள். அந்த மனை நிறுவனமே நொடித்துப்போக, 1993-இல் கிளப்பின் தலைவர் கென் பேட்ஸ் ஒரு தந்திரம் செய்தார். ‘செல்சி பிட்ச் ஓனர்ஸ்’ என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கி, ரசிகர்களுக்குப் பங்கு விற்றார். நிலம் அந்த நிறுவனத்தின் பெயருக்குப் போனது. கிளப்புக்குப் பெயரளவு வாடகையில் நீண்ட குத்தகை. ‘செல்சி ஃபுட்பால் கிளப்’ என்ற பெயரும் அதோடு பிணைக்கப்பட்டது: அந்த மைதானத்தை விட்டுப் போனால் பெயரைப் பயன்படுத்த முடியாது. 2011-இல் அப்போதைய முதலாளி ரோமன் அப்ரமோவிச் நிலத்தைத் திரும்ப வாங்க முயன்றார். 75 விழுக்காடு வாக்கு தேவை, கிடைத்தது 62-க்குள். உலகின் பெரும் பணக்காரர் ஒருவர், நூறு பவுண்டுப் பங்கு வைத்திருந்த ரசிகர்களிடம் தோற்றார். கிளப் குத்தகைதாரராக இருப்பதே கிளப்புக்குப் பாதுகாப்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. இதன் விலையையும் சொல்லத்தான் வேண்டும்: ஆர்சனலும் டோட்டன்ஹாமும் 60,000-ஐத் தாண்டியபின்னும் செல்சி 40,000 இருக்கைகளைச் சுற்றியே நிற்கிறது.

2025-இல் நிறைவேறிய இங்கிலாந்தின் கால்பந்து ஆளுகைச் சட்டம் இந்தக் கவலையைச் சட்டமாக்கியிருக்கிறது. வீட்டு மைதானத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, இடம் மாறவோ புதிய ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். கணக்கு விதிகள் வேறு திசையில் தள்ளுகின்றன. பிரீமியர் லீக்கின் லாப நட்ட விதியில் சொந்த மைதானத்தின் தேய்மானச் செலவு கழித்துவிடப்பட்டது. வாடகையோ முழுதாக நட்டத்தில் சேர்ந்தது. கடன் வட்டி விஷயத்தில் எவர்டன் இப்படிக் கழித்துக்கொள்ள முயன்று 2023-இல் சிக்கி, பத்துப் புள்ளிகளை இழந்து, மேல்முறையீட்டில் நான்கைத் திரும்பப் பெற்றது. ஆகவே கட்டுவதா, வாடகையா என்ற முடிவில் கணக்காளரின் கையும் ஓசையில்லாமல் இருக்கிறது.

இத்தாலியில் நிலைமை வேறு. அங்கே ஏறக்குறைய எல்லா ஸ்டேடியமும் நகராட்சியுடையது. கிளப்புக்குச் செப்பனிட மனமிருந்தாலும் உரிமையில்லை, நகராட்சிக்கு உரிமை இருந்தாலும் பணமில்லை. டூரினில் 1990 உலகக் கோப்பைக்குக் கட்டிய டெல்லே அல்பி 69,000 பேர் கொள்ளும் பூதம். ஓடுதளத்துக்கு அப்பால் இருந்து பனிமூட்டத்தில் பந்தைத் தேட வேண்டும். 2001-02 சீசனில் சம்ப்டோரியாவோடு நடந்த கோப்பை ஆட்டத்துக்கு வந்தவர்கள் 237 பேர். யுவென்டஸ் அந்த நிலத்தை நகராட்சியிடம் 99 ஆண்டு உரிமையில் எடுத்து, இடித்து, 41,000 இருக்கைகளோடு சிறிதாகக் கட்டி 2011 செப்டம்பரில் திறந்தது. டிக்கெட் வருமானம் முதல் சீசனிலேயே இரண்டு மடங்குக்கு மேல் போனது. அடுத்த ஒன்பது சீரி ஆ பட்டங்களும் அவர்களுக்கே. சொந்த மைதானத்தின் மகிமைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இது. மண் இன்னும் நகராட்சியுடையது என்பதை யாரும் சொல்வதில்லை. பட்டங்களுக்கு மைதானம் மட்டுமா காரணம் என்பதும் சந்தேகம். அந்த ஆண்டுகளில் மிலான் நகரின் இரண்டு கிளப்புகளும் தாமாகவே தளர்ந்திருந்தன.

வீட்டுக்காரரின் பக்கத்தையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். பிரான்சின் லெ மான் நகரில் 25,000 பேருக்கான புதிய ஸ்டேடியம் 2011-இல் திறந்தது. 2013-இல் குடியிருந்த கிளப் திவாலானது. ஸ்டேடியம் இருந்தது, ஆட ஆளில்லாமல் போனது. ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் 2003-இல் தன் மைதானத்தை நகரின் நிறுவனத்துக்கு விற்று வாடகைக்கு இருந்தது. கிளப் இறங்க இறங்க, வாடகையைக் குறைப்பதைத் தவிர நகரத்துக்கு வழியில்லை. சிறிய ஊரில் ஒரே ஒரு குடித்தனக்காரர்தான் கிடைப்பார் என்றால், வாடகை வரவில்லை என்று அவரை வெளியேற்றவும் முடியாது.

இந்தியாவில் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை, எல்லோரும் குடித்தனக்காரர்கள். சென்னையின் எஃப்சி ஆடும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. கிளப் ‘மெரினா அரினா’ என்று செல்லப் பெயர் வைத்துக்கொள்ளலாம், ஓடுதளத்தை எடுக்க முடியாது. கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும் கொச்சி மைதானம் நகர வளர்ச்சிக் குழுமத்துடையது. நூறாண்டு கடந்த மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கொல்கத்தா மைதானில் சொந்தத் திடல் உண்டு என்று சொல்வார்கள். அந்த நிலம் ராணுவத்துடையது. பெரிய ஆட்டங்களுக்கு அவர்களும் மாநில அரசின் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்குத்தான் போக வேண்டும். நம் கிளப்புகளுக்கு ஆண்டு முழுதும் சேர்த்தே பதினைந்து வீட்டு ஆட்டம் தேறாது. அந்த நிலையில் ஸ்டேடியம் கட்டச் சொல்வது டார்லிங்டன் வழி. கேட்க வேண்டியது நீண்டகால ஒப்பந்தம், ஆட்டநாளில் கடை வருமானத்தில் பங்கு, தேதிகளில் முன்னுரிமை. ஒவ்வொரு சீசனுக்கும் புதிதாக அனுமதி வாங்கும் கிளப், இரண்டு கழிப்பறையைக்கூட நம்பிக் கட்டாது.

ஒரே கட்டடத்தில் இரண்டு கிளப்புகளுக்கு இரண்டு விதி வாய்த்த ஊர் மூனிக். 1972 ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வாடகைக்கு இருந்த பயர்ன், ஊர்ப் பங்காளியான 1860 மூனிக்கோடு சேர்ந்து, ஆளுக்குப் பாதி என்று 34 கோடி யூரோவில் அலியான்ஸ் அரினாவைக் கட்டியது. திறந்தது 2005. 1860 அதற்கு முந்தின ஆண்டே இரண்டாம் நிலைக்கு இறங்கியிருந்தது. 2006-இலேயே தன் பாதியை 1.1 கோடி யூரோவுக்குப் பயர்னிடம் விற்றுவிட்டு, தான் கட்டிய வீட்டில் தானே வாடகைக்கு இருந்தது. 2017-இல் நான்காம் நிலைக்கு விழுந்து, நகராட்சியின் பழைய கிரூன்வால்டர் மைதானத்துக்குத் திரும்பியது. இருபத்தைந்து ஆண்டுக் கடனாக நினைத்ததைப் பயர்ன் ஒன்பதரை ஆண்டில் 2014-இல் அடைத்தது. முதலீடு ஒன்று, கட்டடம் ஒன்று, பங்கும் சமம். ஒருவருக்கு அது ஏணி, மற்றவருக்குப் பாறாங்கல்.

இப்போது மிலான் அதே பாதையில் கால் வைக்கிறது. 1926-இல் ஏசி மிலானுக்காகக் கட்டப்பட்டு, 1935-இல் நகரத்துக்கு விற்கப்பட்டு, 1947 முதல் இரண்டு கிளப்புகளும் பகிர்ந்த சான் சிரோவை, மிலானும் இன்டரும் சேர்ந்து 19.7 கோடி யூரோவுக்கு வாங்க 2025-இல் மாநகராட்சி மன்றம் இசைந்தது. இரண்டாவது அடுக்குக்கு எழுபது வயது நிறைந்தால் பாரம்பரியச் சின்னச் சட்டம் பாயும், பிறகு இடிக்க முடியாது. அந்த நவம்பர் கெடுவுக்குள் கிரயத்தை முடித்தார்கள். பக்கத்திலேயே 71,500 பேருக்கான புதிய ஸ்டேடியம் எழும்ப வேண்டும். இரண்டு கிளப்புகளும் இன்று ஏறக்குறைய சம பலத்தில் இருக்கின்றன. 2005-இல் மூனிக்கிலும் பங்கு ஆளுக்குப் பாதிதான். இரண்டில் ஒன்று தவணை கட்ட முடியாமல் போகும் ஆண்டில், அதன் பாதியை யார், என்ன விலைக்கு எடுப்பது என்று மிலான்காரர்களின் ஒப்பந்தம் எந்த வரியில் சொல்கிறதோ, நான் முதலில் புரட்டிப் பார்க்க விரும்புவது அந்தப் பக்கத்தைத்தான்.